கணக்கில் வராத ஏரி

பொருளாதார வளர்ச்சியும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஏழை நாடு முதலில் வளர்ச்சியைத் தேடிக்கொண்டு, வசதி வந்தபின் சூழலைக் கவனித்துக்கொள்ளலாம். மக்களாட்சியில் ஊருக்கு ஊர் எழும் எதிர்ப்பு இந்தப் பயணத்தைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே இழப்பீடு கொடுத்தும் அனுமதிகளை விரைவுபடுத்தியும் அந்த எதிர்ப்பைக் கடந்துவிட வேண்டும். ஆட்சியாளர்களிடமும் தொழில்துறையினரிடமும் நாளிதழ்த் தலையங்கங்களிலும் படித்த நடுத்தர வர்க்கத்தின் பேச்சிலும் இன்று பரவலாக நிலவும் கருத்து இதுதான். கட்சி வேறுபாடு இதில் பெரிதாக இல்லை. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட கரையில், இந்தக் கருத்து முப்பது ஆண்டுகளாகச் செயல்வடிவம் பெற்று வருகிறது. அது எவ்வளவு தவறானது என்பதற்கு அந்தக் கரையே சான்று.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் விரிந்து கிடக்கிறது. தென்கோடி மட்டுமே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளவாக்கில் கரைகட்டி நிற்க, தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. ஆரணியாறு தெற்கிலிருந்தும், காளங்கியும் சுவர்ணமுகியும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியின் உப்பு குறையும்; கோடையில் கடலைவிடவும் மிகும். பல இடங்களில் இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லாத இந்த நீரில் இறால், சேற்று நண்டு, மடவை, கொடுவா, கிழங்கா எல்லாம் விளைவதற்கு உப்பின் இந்த ஏற்ற இறக்கமே காரணம். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் ஒதுங்கி வளர்ந்து, பருவம் வந்ததும் மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. ஏரிக்குள் வலை போடாத, கடலில் மட்டுமே தொழில் செய்யும் குப்பத்துக்கும் இந்த ஏரி வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

வளர்ச்சிக்கும் சூழலுக்கும் இடையே மோதல் என்ற கூற்றின் முதல் பிழை இங்கேயே வெளிப்படுகிறது. பழவேற்காட்டில் ஒரு பக்கம் பொருளாதாரமும் மறுபக்கம் இயற்கையும் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் பொருளாதாரமே நிற்கிறது. ஏரியிலும் கடலிலும் பிடிபடுவது கரையில் ஏலம் போகிறது. ஐஸ் பெட்டியில் சென்னைச் சந்தைகளுக்குப் போகிறது. நண்டு உயிரோடு கட்டப்பட்டு வெளிநாட்டுக்குப் போகிறது. படகு கட்டுபவர், வலை பின்னுபவர், எஞ்சின் பழுது பார்ப்பவர், ஐஸ் உடைப்பவர், கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்கள், கருவாடு காயவைப்பவர்கள் என ஒவ்வொரு படகுக்குப் பின்னாலும் பலருடைய கூலி இருக்கிறது. படகே இல்லாத இருளர் குடும்பங்கள் தண்ணீரில் இறங்கி, பனையோலையால் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றன. முதலீடு எதுவும் இல்லாமல் அன்றைய உணவையும் காசையும் ஒருவருக்குத் தரும் தொழில்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இது ஒன்று.

இந்தப் பொருளாதாரத்துக்கு நிர்வாகமும் உண்டு. ஏரியில் இறால் ஓடும் தடங்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. முகத்துவாரத்துக்கு அருகே உள்ளது நல்ல இடம். உள்ளே போகப் போக வரத்து குறையும். யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்கள் 'பாடு' என்ற முறையால் தீர்த்துவந்திருக்கின்றன. ஊரில் உரிமையுள்ள குடும்பங்களுக்கு முறை வைத்து, இடம் சுழற்சியாகப் போய்ச் சேரும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி ஏரியை வழித்தெடுக்கவும் முடியாது. பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்ற பாடப்புத்தக வாதத்துக்கு நேரடியான மறுப்பு இது. குறையும் உண்டு. பாடு உரிமை சாதி வழியாகவும் ஆண் வழியாகவும் வந்தது; பிற சாதியினரும் தலித் மீனவர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்; அதனால் சச்சரவுகள் மூண்டன. அந்த அநீதி திருத்தப்பட வேண்டியதே. ஆனால் அதைத் திருத்தும் அக்கறையோடு எந்தத் தொழில் திட்டமும் அங்கே வரவில்லை. ஏரியை இழந்தால் பாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நாளில் இழப்பார்கள்.

இவ்வளவும் அரசின் கணக்கில் எங்கே வருகிறது? பெரிய திட்டம் ஒன்று முன்வைக்கப்படும்போது அதன் முதலீடு, சரக்குக் கொள்ளளவு, வரி வருவாய் ஆகியவை கோடிகளில் எழுதப்படுகின்றன. மறுபக்கத்தில் மீனவர் குடும்பங்கள் 'பாதிக்கப்படக்கூடியோர்' என்ற தலைப்பில், இழப்பீட்டுக்கு உரியவர்களாக மட்டும் எழுதப்படுகிறார்கள். இறாலின் ஆண்டு மதிப்பு, அது வளரும் சேற்றின் மதிப்பு, வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் சதுப்பின் மதிப்பு எதுவும் முதலீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நிரப்பப்படுவதில்லை. ஒரு தட்டில் மட்டும் படிக்கல்லை வைத்துவிட்டு மறு தட்டு இலேசாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. சமநிலை காணப்பட்டதாக அறிவிக்கும் ஆவணங்களில் பெரும்பாலானவை நிறுக்கும் வேலையைத் தொடங்கவே இல்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. அதற்கு வடக்கே ஒட்டினாற்போல், காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி நிறுவனம் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து கப்பல் கட்டும் தளத்தையும் சிறு துறைமுகத்தையும் அமைத்தது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம்பெயர்க்கப்பட்டது. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதன்பின் வந்த விரிவாக்கத் திட்டத்தின் அளவைப் பார்க்க வேண்டும்: சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக்குவது, அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்துப் பெறுவது, ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 கோடி டன் என்ற கொள்ளளவை 32 கோடி டன்னாக உயர்த்துவது. மதிப்பீடு 53,000 கோடி ரூபாய்க்கு மேல்.

32 கோடி டன் என்பது எவ்வளவு? சென்னைத் துறைமுகமும் காமராஜர் துறைமுகமும் சேர்ந்து அண்மை ஆண்டுகளில் கையாண்ட சரக்கு ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன். நாட்டின் பெருந்துறைமுகங்கள் அனைத்தும் 2023-24இல் கையாண்டது ஏறத்தாழ 82 கோடி டன். அந்த மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஒரே குப்பத்துக் கரையில் இடம் ஒதுக்கக் கேட்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் கார்கள் கப்பல் ஏற வேண்டும் என்பது உண்மை. அவை ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. தமிழ்நாட்டின் ஏற்றுமதிக்குத் துறைமுகம் தேவை என்பதிலிருந்து இந்த அளவு, இந்த இடம், இந்த வடிவம் என்ற முடிவு தானாக வந்துவிடாது. நடுவில் உள்ள ஒவ்வொரு படிக்கும் விடை சொல்லப்பட வேண்டும். 'வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா' என்ற ஒற்றைக் கேள்வி அந்தப் படிகளை எல்லாம் மறைத்துவிடுகிறது. திட்டத்தைக் கேள்வி கேட்பவர் வளர்ச்சியையே மறுப்பவராகக் காட்டப்படுவது இப்படித்தான்.

இனி மணல். கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால், மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது திரும்பும். ஆனால் ஆண்டின் நிகரக் கணக்கு வடக்கு நோக்கியே. கடலுக்குள் நீளும் எந்தக் கல்சுவரும் இந்த ஓட்டத்தை மறிக்கும். சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிபடும். இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1870களில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கியபின் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எர்ணாவூர் வரை மீனவர் தெருக்கள் கடலுக்குப் போயின. கல் கொட்டிக் கல் கொட்டி அந்தக் கரை இன்று கருங்கல் வரிசையாகிவிட்டது. அங்கே கல் கொட்டினால் அதற்கும் வடக்கே அரிப்பு தொடங்கும். அரிப்பு அப்படியே எண்ணூர் வரை வந்தது. எண்ணூர்த் துறைமுகச் சுவர் அதன் வடக்கே அரிப்பை உண்டாக்கியது. காட்டுப்பள்ளிச் சுவருக்கும் வடக்கே கரை குறைந்துவருகிறது. அங்கிருந்து பழவேற்காடு வரை கடலுக்கும் பின்னால் உள்ள உப்பங்கழிக்கும் நடுவே இருப்பது ஒடுங்கிய மணல்மேடு ஒன்றே. அதன்மேல்தான் குப்பங்கள் இருக்கின்றன. அந்த மேடு கரைந்தால் வீடுகள் மட்டும் போகா. உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு மாறும், ஏரி ஏரியாக இருக்காது.

150 ஆண்டு அனுபவம் உள்ள ஓர் உண்மையைப் 'பின்னால் சரிசெய்துகொள்ளலாம்' என்ற வரிசையில் வைப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, நிர்வாகத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் நிலவும் கருத்தின் நடுத்தூண் இந்த வாக்குறுதியே. அதற்குப் பொருளியலில் ஒரு படமும் உண்டு. வருமானம் உயரும்போது மாசு முதலில் கூடி, ஒரு கட்டத்துக்குப் பின் குறையும் என்று கவிழ்த்த கிண்ணம்போல் வளையும் கோடு அது. சைமன் குஸ்நெட்ஸ் வருமான ஏற்றத்தாழ்வு பற்றிச் சொன்ன கருதுகோளை ஒட்டி அதற்கு அவர் பெயர் வந்தது. 1990களில் ஜீன் குரோஸ்மன், ஆலன் குரூகர் ஆகிய பொருளியலாளர்கள் காற்று, ஆற்றுநீர் மாசு அளவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அவர்களே இந்தச் சரிவு தானாக நிகழ்வதல்ல என்றார்கள்; மக்கள் கோரிக்கையால் வந்த சட்டங்களுக்கு அதில் முதன்மைப் பங்கு இருக்கிறது என்று எழுதினார்கள். அந்தப் பாதியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இலண்டனில் 1952 புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தபின் 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது. வருமானம் கூடியதால் புகை கலையவில்லை. சட்டம் அடுப்புகளில் எரிந்த நிலக்கரியைக் கட்டுப்படுத்தியதால் கலைந்தது.

காற்று கழுவப்படும். நிரப்பப்பட்ட சதுப்பு திரும்பாது. வேறுபாடு அங்கே இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் பாதரசக் கழிவு மீனில் ஏறி, மீன் உண்டவர்களின் நரம்பை அழித்தது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. கழிவு நின்றதும், அரசு காரணத்தை ஒப்புக்கொண்டதும் 1968இல். ஜப்பான் பின்னர் செல்வ நாடானது உண்மை. வளைகுடாவின் நச்சுச் சேற்றை அள்ளிப் புதைக்க 1977 முதல் 1990 வரை ஆனது. அந்த மீனவக் குடும்பங்களில் முடங்கிப் பிறந்த குழந்தைகளுக்கு நாட்டின் செல்வத்தால் எதையும் திருப்பித் தர முடியவில்லை. முதலில் வளர்ந்து பின்னர் தூய்மை செய்தவர் ஒருவர், முடமானவர் மற்றொருவர் என்பதே அந்த வரலாறு.

மினமாட்டாவரை போகாமல் பொன்னேரி வட்டத்தின் தென்முனையிலேயே இதைப் பார்க்கலாம். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்தது. அதன் சாம்பல் குழாய்கள் உடைந்தும் கசிந்தும் கொசஸ்தலை ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தது. நடந்து இறால் பிடித்த இடங்களில் கால் புதைகிறது. செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு எண்ணூர்க் கழிமுகத்தைச் சீரமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேடு தொடங்கி ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்தபின் வந்த உத்தரவு அது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையில் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. இரண்டு முறையும் எண்ணெயை வாளியால் அள்ளும் கைகள் தேவைப்பட்டன. 2023இல் அள்ளியவர்களில் பலர் தொழில் இழந்த மீனவர்களே. அதே மாதக் கடைசியில் எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஊர் ஓடியது. முப்பது ஆண்டுகளாகத் தொழில் வளர்ந்த இடத்தில், பின்னர் வரும் என்று சொல்லப்பட்ட தூய்மை வரவில்லை. பழவேற்காட்டுக் குப்பங்கள் துறைமுகத்தைக் கண்டு அஞ்சுவது அறியாமையால் அல்ல. தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் நடந்ததை அவர்கள் உறவுக்காரர்களின் வீடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

வேலைவாய்ப்பு வாதம் வலுவானதாகத் தோன்றும். மீனவர் பிள்ளைகள் எத்தனை காலம் கடலோடு போராடுவது, அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டாமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. குப்பங்களின் பெற்றோரே பிள்ளைகளைப் படிக்கவைத்து வேறு வேலைக்கு அனுப்ப ஆசைப்படுகிறார்கள். ஆனால் கொள்கலன் துறைமுகம் என்பது ஆட்களைக் குறைத்து எந்திரங்களால் இயங்கும்படி வடிவமைக்கப்படுவது; ஒரு பாரந்தூக்கி முன்பு நூற்றுக்கணக்கான தோள்கள் செய்த வேலையைச் செய்கிறது. படித்த பொறியாளருக்கும் மாலுமிக்கும் அங்கே இடம் உண்டு. குப்பத்து இளைஞருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் காவல் வேலையும் துப்புரவும். காட்டுப்பள்ளியில் நிலமும் கடலும் கொடுத்த குடும்பங்கள் வாக்களித்த வேலையை நிரந்தரமாக்கக் கோரிப் பல முறை போராட வேண்டியிருந்தது. ஒரு துறைமுக வேலை ஒருவருக்கு. ஏரித் தொழில் குடும்பத்தில் பலருக்கு. மீன் விற்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் பறி பிடிக்கும் இருளருக்கும் எந்தத் துறைமுகமும் வேலை தருவதாகச் சொன்னதில்லை. வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டு யாருடைய வேலை என்பதை விட்டுவிட்டால், கணக்கு சரியாக இருந்தும் முடிவு தவறும்.

எஞ்சுவது மக்களாட்சி பற்றிய குற்றச்சாட்டு. சீனா செய்து முடித்ததை இந்தியா செய்ய முடியாமல் போவதற்குக் கூட்டங்கள், வழக்குகள், போராட்டங்கள் காரணம் என்பார்கள். நடைமுறையைப் பார்த்தால் தடை எவ்வளவு சிறியது என்பது விளங்கும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, திட்ட முதலாளியே ஆலோசகரை நியமித்து, அவருக்குப் பணம் கொடுத்து, அறிக்கையைத் தயாரிக்கிறார். பல நூறு பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கம் மட்டும் தமிழில் வரும். முப்பது நாள் அவகாசத்தில் ஒரு பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டம். அதில் எத்தனை பேர் எதிர்த்தாலும் அது திட்டத்தை நிறுத்தாது. பதிவு செய்யப்பட்டு மேலே அனுப்பப்படும், முடிவு தில்லியில். கிராம சபைகள் தீர்மானம் போட்டாலும் அதற்குச் சட்டத்தில் தடுக்கும் வலிமை இல்லை. மக்களுக்கு வாய்ப்பு என்று இருப்பது இவ்வளவே. இதையும் சுமை என்று கருதி, கூட்டத்திலிருந்து விலக்கு பெறும் திட்டங்களின் பட்டியலை நீட்ட 2020ஆம் ஆண்டின் வரைவு அறிவிக்கை முயன்றது.

அந்தச் சிறு வாய்ப்பே காட்டுப்பள்ளியில் பயன் தந்தது. விரிவாக்கத்துக்கான கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 அன்று நடப்பதாக இருந்தது. எதிர்ப்பும் நோய்த்தொற்றுக் காலமும் சேர்ந்து தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மீண்டும் நாள் குறித்தார்கள், அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. இந்த இடைவெளியில்தான் கடலரிப்பு, வெள்ள வடிகால், மீன்பிடி இடங்கள், சரக்குக் கணக்கு பற்றிய கேள்விகள் பொதுவெளியில் எழுந்தன. திட்ட அறிக்கை கேட்காத கேள்விகளைக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்துகளும் பெண்கள் குழுக்களும் மீனவர் சங்கங்களும் கேட்டன. எந்த மாதம் எந்த இடத்தில் நண்டு கிடைக்கும், மணல் எப்போது நகரும், முகத்துவாரம் எந்தக் காற்றில் அடைபடும் என்ற அறிவு வேறு யாரிடமும் இல்லை. தாமதம் என்று வசைபாடப்படுவது உண்மையில் தகவல் வந்து சேரும் வழி. அதை மூடிவிட்டு எடுக்கும் முடிவு வேகமானது, ஆனால் குருடானது.

மூடிய வழிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தூத்துக்குடி காட்டியது. தாமிர உருக்கு ஆலைக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் எழுந்த புகார்களுக்கு அரசு அமைப்புகள் போதிய அளவு செவிசாய்க்கவில்லை. 2018 மே 22 அன்று ஊர்வலத்தின் மீதும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மூடலை மாற்ற மறுத்தது. முதலீட்டாளரின் நட்டம், தொழிலாளரின் வேலையிழப்பு, ஊரின் உயிரிழப்பு எல்லாம் ஒன்றாக நேர்ந்தன. தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் செலவாகியிருக்கக்கூடிய ஆண்டுகள் இவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

பெரும்பான்மை வாதம் இன்னும் நுட்பமானது. சில குப்பங்களின் இழப்பால் கோடிப் பேர் பயனடைந்தால் மக்களாட்சியில் கோடிப் பேரின் நலமே முந்தும் என்பது அது. மக்களாட்சி எண்ணிக்கை மட்டும் என்றால் எந்தச் சிறுபான்மையின் வீட்டையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஆகாமல் தடுப்பதற்காகவே அரசியலமைப்பு உரிமைகளை வகுத்தது. 1976இல் சேர்க்கப்பட்ட 48அ பிரிவு சூழலைக் காக்கும் பொறுப்பை அரசின் மேல் வைத்தது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளால் பாலாறு கெட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கேடு விளைப்பவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றும், கேடு நேராது என்று மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துபவர் மேலது என்றும் நிலைநாட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, தஞ்சைப் பகுதியின் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கின் தீர்ப்பு வந்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று அந்தத் தீர்ப்பு ஏரியின் பெயரைச் சொல்லியே தடுத்தது. நாடாளுமன்றம் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தடையைத் தளர்த்தியதும் வரலாறுதான். நீதிமன்றம் கொடுப்பதை மக்கள் காவல் காக்காவிட்டால் சட்டமன்றங்களில் அது கரைந்துவிடும்.

மேலும், இங்கே பெரும்பான்மையும் மீனவருக்கு எதிர்ப்பக்கம் இல்லை. கொசஸ்தலையும் ஆரணியும் கொண்டுவரும் வெள்ளம் கடலுக்குப் போகும் வாசல்கள் எண்ணூரும் பழவேற்காடும். நடுவே உள்ள காட்டுப்பள்ளிச் சதுப்புகளும் உப்பளங்களும் மழைக்காலத்தில் நீரைத் தாங்கி நின்று மெல்ல விடுகின்றன. அவற்றை ஆயிரக்கணக்கான ஏக்கரில் மேடாக்கினால் தண்ணீர் பொன்னேரி, மீஞ்சூர், மணலி, திருவொற்றியூர் வீடுகளுக்குள் இடம் தேடும். 2015லும் 2023லும் வடசென்னை அதை அனுபவித்தது. கடல் முன்னேறும் காலத்தில் கரையின் மணல்மேடும் உப்பங்கழியும் நகரத்துக்குச் செலவில்லாத அரண். ஏரியைக் காப்பவர் தம் குப்பத்தை மட்டும் காக்கவில்லை.

குப்பங்கள் எந்த மாற்றத்தையும் ஏற்காதவை என்ற பழியும் நிற்காது. பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் அடைத்து மூடிக்கொள்ளும்போது படகுகள் கடலுக்குப் போக முடியாது. அலை உடையும் இடத்தில் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. தூண்டில் வளைவு கட்டி முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். சுமார் 27 கோடி ரூபாயில் அந்தப் பணிக்கு அரசு ஒப்புதல் தந்தது. ஆனால் இடம் பழவேற்காடு பறவைகள் சரணாலய எல்லைக்குள் வருவதால் வனத்துறை அனுமதிக்கு நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. சூழல் சட்டத்தின் முழுக் கண்டிப்பும் ஏரியை உயிரோடு வைத்திருக்கும் சிறு வேலையின் மேல் விழுந்தது. 53,000 கோடித் திட்டத்துக்கோ விரைவு வேண்டும் என்று பேசப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மீனவர்கள் வளர்ச்சியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதும், அவர்கள் கேட்ட வளர்ச்சிக்குக் கடைசி வரிசையே கிடைத்தது என்பதும் தெரியும். அந்த வேலைக்கும் மணல் ஓட்டக் கணக்கு தேவை. தூண்டில் வளைவும் கல்சுவர்தான், அதன் வடக்கே என்ன ஆகும் என்பதைக் கட்டும்போதே பார்க்க வேண்டும். அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும் என்பதே கோரிக்கை.

உண்மையான நிறுவைக்குத் தேவையானவை எட்டாத உயரத்தில் இல்லை. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்கீழ் வரையப்படும் மேலாண்மை வரைபடங்களில் குப்பங்களின் மீன்பிடி இடம், வலை காயவைக்கும் கரை, படகுத்துறை, பாட்டுத் தடம் ஆகியவை ஊராரின் வாய்மொழியைக் கேட்டுக் குறிக்கப்பட வேண்டும். வரைபடத்தில் இல்லாத இடம் காலி இடமாகவே கருதப்படும். எண்ணூர்க் கழிமுகம் 1996 வரைபடத்தில் கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்து, பின்னர் வேறு வரைபடம் காட்டப்பட்டது குறித்து எழுந்த சர்ச்சை இதன் அவசியத்தைச் சொல்லும். மதிப்பீட்டு ஆலோசகரைத் திட்ட முதலாளி நியமிக்கக் கூடாது. பொதுப் பணத்தில், பொது அமைப்பு நியமிக்க வேண்டும். முழு அறிக்கையும் தமிழில் வர வேண்டும். காமராஜர், சென்னை, காட்டுப்பள்ளி மூன்றையும் சேர்த்து இருக்கும் கொள்ளளவில் எவ்வளவு பயன்படுகிறது என்ற கணக்கு முதலில் வைக்கப்பட வேண்டும். மூன்று துறைமுகச் சுவர்களும் அனல்மின் நிலையங்களும் சேர்ந்து கரைக்கு என்ன செய்தன என்பதைத் தனித்தனித் திட்டமாகப் பிரிக்காமல் ஒரே ஆய்வில் பார்க்க வேண்டும். கேட்புக் கூட்டத்தில் எழும் ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் விடை வராமல் அனுமதி தரக் கூடாது. இவற்றில் எதுவும் துறைமுகமே கூடாது என்று சொல்லவில்லை. இவை நடந்தபின் ஒரு துறைமுகம் சிறியதாக, தெற்கே, கடலைத் தூர்க்காமல் அமையலாம்; அமையாமலும் போகலாம்.

2021 சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை எதிர்ப்பதாக வாக்களித்து ஆட்சிக்கு வந்தது. 2023இல் கேட்புக் கூட்டத்துக்கு மீண்டும் நாள் குறிக்கப்பட்டது அந்த ஆட்சிக் காலத்தில்தான். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதே தவிர, அந்தத் தள்ளிவைப்போடு திட்டம் கைவிடப்படவில்லை.